நாளும் கடற்கட்டும்: மறிச்சுக்கட்டிச் சலாபக்கரையின் காலநம்பிக்கைகள் பற்றிய ஒரு நோக்கு

நாள் பார்த்தல், நேரம் பார்த்தல், பருவத்துக்குப் பருவம் சில செயல்களை விலக்குதல் ஆகியன பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் பொதுவாக இருவகைப்படுத்தலாம். ஒரு சாரார் இவற்றை அறியாமையின் எச்சங்களெனக் கொண்டு எள்ளி ஒதுக்குவர். மறுசாரார் முன்னோரின் மறைந்துகிடக்கும் விஞ்ஞானத்தை இவற்றினுள்ளே கண்டு வியப்பர். தம்முள் முரண்பட்டனபோலத் தோன்றினும் இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான குறைபாடொன்று உண்டு. நம்பிக்கையை அதனைக் கைக்கொண்ட மனிதரின் தொழிலிலிருந்து பிரித்தெடுத்து, நூதனசாலைப் பேழையில் வைக்கப்பட்ட பொருளாக அதனை இவர்கள் நோக்குகின்றனர். எந்த வேலைக்குப் புறப்படுமுன், எவருடைய தோணியில், என்ன பங்கிற்காக ஒருவன் நாள் பார்த்தான் என்ற வினா எழுப்பப்படுவதேயில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஈழத்தில் மிகப் பொருத்தமான களம் மன்னாரின் தென்கரையாகும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனத் தெற்கு நோக்கி நீளும் முசலிப் பிரதேசத்தின் வறண்ட கரையே அது. ஆண்டின் பெரும்பகுதி ஆளரவமற்றுக் கிடந்த இக்கரையில், முத்துவிளைந்த ஆண்டுகளில் மாத்திரம், சில வாரங்களுக்குப் பல்லாயிரம் பேர் கூடினர். அங்கு நல்ல நாளும் கெட்ட நாளும் தனிமனிதரின் மனக்கவலையாக மட்டும் அமையவில்லை. அவற்றுக்கு விலை இருந்தது. அவ்விலை அரசாங்கக் கணக்கிலும் ஏறியது.

இவ்விடயத்தில் அயர்லாந்து நமக்கு ஒரு திறவுகோலைத் தருகின்றது. ஈழத்துத் தமிழியல் ஆய்வில் மார்க்சிய நோக்கு வேரூன்றிய வரலாற்றில் அயர்லாந்துக்கு மறைமுகமான பங்கொன்று உண்டென்பது பலர் கவனியாத செய்தி. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இருவரும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே தமது கலாநிதிப் பட்ட ஆய்வுகளை ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் மேற்கொண்டனர். கிரேக்க இலக்கியப் பேராசிரியரான தொம்சன், அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவின் மீனவரிடையே வாழ்ந்து அவர்தம் மொழியைக் கற்றவர். கோல்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் அம்மொழியிலேயே கிரேக்கம் கற்பித்தவர். ஹோமரின் பாடல்களை வாய்மொழி மரபாக அவர் விளங்கிக்கொண்டமைக்கு அத்தீவு வாழ்வே வித்திட்டது. மந்திரத்தையும் சடங்கையும் உழைப்பினின்று பிரிக்காது நோக்கும் அவரது முறையும் அவ்வாழ்வினாற் செழுமையுற்றதே எனலாம்.

அயர்லாந்து மக்களின் பழைய நாட்காட்டியில் மே முதலாந் திகதியும் நவம்பர் முதலாந் திகதியும் இரு பெருங் கதவுகள். மே முதல் நாளன்று வீட்டிலிருந்து நெருப்பையோ பாலையோ வெளியே கொடுத்தலாகாது. கொடுத்தால் அவ்வாண்டின் அதிர்ஷ்டமும் வெண்ணெய்த் திரட்சியும் அவற்றோடு போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. நம் கிராமங்களில் விளக்கேற்றிய பின் உப்பும் மோரும் கொடுக்க மறுக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. வியப்புக்குரியது வேறொன்று. நிலக்கிழாருக்குக் குத்தகைப் பணம் செலுத்தவேண்டிய தவணை நாட்களாகவும் பல பண்ணைகளில் இதே இரு நாட்கள் அமைந்திருந்தன. வீட்டிலிருந்து எதுவும் வெளியேறலாகாது என்று அஞ்சப்பட்ட நாளிலேதான், அரைவருட உழைப்பின் பெரும்பகுதி அவ்வீட்டை விட்டு வெளியேறிற்று. இது காரண காரியத் தொடர்பு என்று சாதிப்பதற்கில்லை. மே நாள் வழக்கங்கள் நிலக்கிழார் முறையினும் பழையவை. ஆயினும், பழைய அச்சம் புதிய உற்பத்தி உறவினுள்ளே புதுப்பொருள் பெற்று வாழ்ந்திருக்கக்கூடும் என்பது மனங்கொள்ளத்தக்கது. மன்னார்க் கரையிலும் நாம் தேடவேண்டியது இத்தகைய பொருள் மாற்றத்தையே.

முதலில் இக்கரையின் இயற்கைக் காலக்கணக்கை நோக்குவோம். வாடைக்காற்று அடங்கிச் சோழகமும் கச்சானும் எழுவதற்கு முன்னர், மாசி பங்குனி மாதங்களில், மன்னார்க் குடாவில் நீர் தெளிந்து அலை தணிந்திருக்கும். கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம்வரை ஆழத்திற் கிடக்கும் ‘பார்’ எனப்படும் மேடுகளில் முத்துச்சிப்பிகள் படிந்துள்ளன. சேவற்பார், பெரியபார் முதலியன இவற்றுட் பெயர்பெற்றவை. இம்மேடுகளிற் குளிக்கும் பருவமே சலாபம். சிலாவத்துறையின் பெயரும் இச்சொல்லின் வழிவந்ததே. எல்லா ஆண்டும் சலாபம் கூடுவதில்லை. சிப்பிகள் ஒரு காலத்திற் பெருகிக் கிடக்கும். பிறகு காரணம் புலப்படாமல் ஆண்டுக்கணக்கில் மறைந்துபோகும்.

நாளினுள்ளும் காலம் இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தது. இரவு பத்து மணியளவில் அரிப்பிலிருந்து அடையாள வெடி முழங்கும். தரைக்காற்றின் துணைகொண்டு தோணிகள் புறப்பட்டு விடியுமுன் பாரை அடையும். சூரியோதயத்தின் பின் குளிப்புத் தொடங்கும். நண்பகலில் கடற்காற்றுத் திரும்பியதும் மற்றொரு வெடியோசையுடன் தொழில் நிறுத்தப்பட்டுத் தோணிகள் கரை திரும்பும். பீரங்கி ஆங்கிலேயரின் ஏற்பாடாக இருக்கலாம்; அது அறிவித்த நேரமோ காற்றின் நேரம். பஞ்சாங்கம் பாராத அதிகாரியும் இங்கு காற்றைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

குளிப்போர் ஒரு தோணிக்குப் பத்துப்பேர். ஐவர் இறங்க ஐவர் இளைப்பாறுவர். கயிற்றிற் கட்டிய கல்லின்மீது ஒரு காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கீழிறங்குபவன், ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடிய நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலிருப்பவன் இழுப்பான். ஒருநாளில் நாற்பது, ஐம்பது தடவை இவ்வாறு மூழ்கினர் என்று றொபேட் பெர்சிவல் 1803ஆம் ஆண்டு வெளிவந்த தமது இலங்கை நூலில் எழுதியுள்ளார். மேலே வந்ததும் வாயிலும் மூக்கிலும் நீர் வடிவதையும், சிலவேளை குருதி கசிவதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

இத்தகைய தொழிலைச் சூழ்ந்து நம்பிக்கைகள் வளர்ந்தமை இயல்பே. முத்தின் பிறப்பே காலநம்பிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. சுவாதி நட்சத்திரத்திற் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்த சிப்பியுள் வீழ்ந்து முத்தாகின்றது என்ற கருத்து இந்திய இலக்கியங்களிலும் மக்கள் வழக்கிலும் நெடுங்காலம் வழங்கியது. இதனைச் சிரிப்புடன் கடந்துசெல்பவர்கள் பின்வருவதையும் சேர்த்து நோக்கவேண்டும். அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் 1902இல் முத்துப்பார்களை ஆராய்ந்த பேராசிரியர் ஹேட்மன், ஐந்து பெருந் தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். நாடாப்புழுவின் குடம்பியே நயமான முத்தின் கரு என்பது அவர் முடிவு. அம்முடிவும் பின்னர் நிலைநிற்கவில்லை. ஆய்வினாற் பிழையென நிறுவப்படக்கூடிய கருதுகோளும், அவ்வாறு சோதிக்கப்படாத ஐதிகமும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் ஹேட்மனின் அறிக்கைகளை நம்பிப் பணமிட்டவர்களின் கதையைப் பின்னர் காணும்போது இவ்வேறுபாட்டின் எல்லையும் புலப்படும்.

நல்ல பொழுது, தீய பொழுது பற்றிய பழைய சான்று மார்க்கோ போலோவினது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியநாட்டுக் கரையைக் கண்ட அவர், வாரத்தின் ஒவ்வொரு நாளிலும் தீய பொழுதொன்று உண்டெனவும் அப்பொழுதில் அந்நாட்டார் கொடுக்கல் வாங்கல் எதனையும் செய்யார் எனவும் எழுதினார். அவர் தம் செவிக்கு எட்டியவாறு பதிந்த சொல், விலக்கத்தக்கது எனப் பொருள்படும் ‘தியாச்சியம்’ என்பதன் திரிபு என அவர் நூலைப் பதிப்பித்தோர் கருதினர். திங்கட்கிழமைக்கு அவர் குறித்த காலைப்பொழுது இன்றைய இராகுகாலத்தோடு ஏறக்குறைய ஒத்துள்ளது. செவ்வாய்க்குக் குறித்தது ஒத்துவரவில்லை. ஆதலின் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: போலோ கண்ட தீய பொழுது பேரத்துக்கு உரியது, அதாவது வணிகனின் காலம்.

முத்துக்குளிப்போரின் காலத்தை அவர் வேறோரிடத்திற் கூறுகின்றார். கடலில் உள்ள கொடிய மீன்கள் குளிப்போரைத் தீண்டாதவாறு கட்டுவதற்கு மந்திரவாதிகளை வணிகர் அமர்த்தினர். எடுக்கப்பட்டதில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு மந்திரவாதிகளுக்கும் சேர்ந்தது. கட்டு பகற்பொழுதுக்கு மாத்திரமே. மாலையானதும் மந்திரவாதி அதனை அவிழ்த்துவிடுவான். இராமுசியோ என்ற இத்தாலியர் 1559இல் அச்சிட்ட வடிவில், இதற்கான காரணமும் வெளிப்படையாகத் தரப்பட்டுள்ளது. இரவிற் களவாகக் குளித்துச் சிப்பியெடுக்க முனைவோர், கட்டவிழ்ந்த மீன்களுக்கு அஞ்சி அடங்கியிருக்க வேண்டும் என்பதே அது.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. கடலுக்கு வேலி கட்ட முடியாது. பத்துப் பாக ஆழத்திற் கிடக்கும் செல்வத்துக்குக் காவலாளை நிறுத்தவும் முடியாது. பகலைப் பாதுகாப்பான நேரமாகவும் இரவை ஆபத்தான நேரமாகவும் மந்திரம் வகுத்தபோது, அவ்வேலி குளிப்போனின் மனத்திலே கட்டப்பட்டது. நேரம் நல்லதா கெட்டதா என்பது, எடுத்த சிப்பி எவருடைய கணக்கிற் சேரும் என்பதோடு இணைந்துகொண்டது. கருத்துநிலை என்று நாம் குறிப்பது இவ்வாறே தொழிற்படுகின்றது. சுறாவுக்கு அஞ்சியவன் தன்னையறியாமலே உடைமைக்கும் அஞ்சினான்.

இம்மந்திரவாதியே தமிழில் கடற்கட்டி எனப்பட்டான். கட்டு என்னும் சொல்லுக்கு மந்திரத்தால் தடைசெய்தல் என்ற பொருள் நம் வழக்கில் உண்டு. பெர்சிவல் இவர்களைப் ‘பிள்ளல்காரர்’ என ஒலிக்கத்தக்க பெயராற் குறிக்கின்றார். அது ‘பில்லிக்காரர்’ என்பதன் சிதைவாக இருக்கலாம் என்பது எனது ஊகம். 1797ஆம் ஆண்டுச் சலாபத்தை விவரித்த லெபெக் என்பவர், கடற்கட்டி கரையில் நின்று, தோணிகள் மீளும்வரை மந்திரம் முணுமுணுத்துக்கொண்டிருப்பான் என்கிறார். அவ்வேளையில் அவன் உண்ணவோ உறங்கவோ கூடாது. குடிப்பதற்கு மாத்திரம் தடையில்லை என்றும், அச்சலுகையை அவர்கள் தாராளமாகவே அனுபவித்தனர் என்றும் கிண்டலோடு சேர்த்துக்கொள்கிறார். ஒருமுறை குளிப்போன் ஒருவன் சுறாவினாற் காலிழந்தபோது தலைமைக் கடற்கட்டியிடம் விளக்கம் கேட்கப்பட்டதாம். மலையாளக் கரையிலுள்ள கொல்லத்திலிருந்து தன்மீது பகைகொண்ட கிழச் சூனியக்காரி ஒருத்தி வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்பது அவன் விடை. பெர்சிவலும் இக்கதையைச் சொல்லி, இம்மக்களின் அறிவுத்தரத்துக்கு இது சான்று என்று முடிக்கிறார்.

எமேசன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூல் தரும் செய்தி இன்னும் சுவையானது. கடற்கட்டியின் பதவி பரம்பரைக்குரியது. அப்போதைய குடும்பத் தலைவர் உரோமன் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் மதிப்புச் சற்றும் குறையவில்லை. தெனன்ற் சென்றிருந்தபோது தலைவர் நோயுற்றிருந்தமையால் அவருடைய பிரதிநிதி வந்திருந்தார். தமக்கு மந்திர இரகசியம் தெரியாதெனினும், தலைவரின் பிரதிநிதி என்ற முறையில் தமது இருப்பைச் சுறாக்கள் மதிக்கும் என்று அவர் உறுதி கூறினாராம். கச்சேரியில் ஆளுநரின் பெயரால் ஒப்பமிட்டுக் காரியம் நடத்திய ஒரு நிருவாகத்துக்கு இந்த வாதம் புரியாததாக இருந்திருக்க நியாயமில்லை.

இனி இதனை எவ்வாறு விளக்குவது? மந்திரம் உண்மையான தொழில்நுட்பத்தின் போதாமையை ஈடுசெய்யும் கற்பனைத் தொழில்நுட்பம் என்றும், அது புறவுலகை மாற்றாவிடினும் செய்பவனின் அகநிலையை மாற்றி அவனைத் தொழிலுக்கு வலுவுள்ளவனாக்குகிறது என்றும் தொம்சன் விளக்கினார். திரோபிரியாண்டுத் தீவுகளில் ஆபத்தற்ற உட்கடல் மீன்பிடிக்கு மந்திரம் இல்லை, திறந்த கடலின் மீன்பிடிக்கே மந்திரம் உண்டு என்ற மலினோவ்ஸ்கியின் அவதானிப்பும் இதற்கு அரண்செய்யும். குளிப்போன் ஏன் கடற்கட்டியை வேண்டினான் என்பதற்கு இவ்விளக்கங்கள் போதுமானவை.

ஆனால் கடற்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தவன் குளிப்போன் மட்டுமல்லனே! பிரித்தானிய அரசாங்கம் கொடுத்தது. வணிகர் அன்பளிப்புக் கொடுத்தனர். தோணி ஒவ்வொன்றிலிருந்தும் சிப்பிகளும் அவனுக்குச் சேர்ந்தன. மந்திரத்தை நம்பாத கிறித்துவ அதிகாரி, சுறாவினால் நேரும் விபத்து மிக அரிது என்பதைத் தன் கையாலேயே எழுதிய அதிகாரி, ஏன் ஆண்டுக்காண்டு இச்செலவை அனுமதித்தான்? தொம்சனின் விளக்கம் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. குழுவாக வாழும் புராதன சமுதாயத்தின் மந்திரம் வேறு. கூலிக்கும் பங்குக்கும் ஆட்களைத் திரட்டும் வணிகச் சலாபத்தின் மந்திரம் வேறு.

விடை நாளின் விலையில் இருக்கிறது. 1804ஆம் ஆண்டுச் சலாபத்தை ஆளுநர் நோத் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். 150 தோணிகள், 30 நாட்கள், மூன்று இலட்சம் பரங்கிப்பேட்டைப் பகோடா, அதாவது 1,20,000 பவுண் என்று கோடினர் 1807இல் வெளியிட்ட நூலிற் பதிந்துள்ளார். நாளொன்றுக்கு 4,000 பவுண்! கோடை கடந்தால் கடல் குழம்பிவிடும். தவறிய நாளை மறுநாள் ஈடுசெய்தல் எளிதன்று. குளிப்போர் கீழே இறங்க மறுத்த ஒவ்வொரு காலையும் குத்தகைகாரரின் முதலில் ஒரு பள்ளம்.

குளிப்போர் மறுக்கவும் செய்தனர். இரண்டு மாதப் பருவத்தில் உண்மையாகக் குளிக்கப்படும் நாட்கள் முப்பதளவே எனப் பெர்சிவல் கணக்கிடுகிறார். இதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாக அவர் கூறுவது, பல்வேறு சமயத்தவரான குளிப்போர் அனுசரித்த விடுமுறைகளின் தொகையாகும். எதிர்க்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கர் ஞாயிறுதோறும் தொழிலை விட்டு அரிப்பிலுள்ள தேவாலயத்துக்குச் சென்றனர். இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் திருநாட்களைக் கைக்கொண்டனர். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர் என இத்தனை பேருடைய நாட்காட்டிகளும் ஒரே கடலிற் சந்தித்தன. இசுலாமிய மாதங்கள் சந்திரனைப் பின்பற்றிப் பருவங்களினூடே நகர்வன. ஆதலால் அவர்தம் நாட்கள் ஓர் ஆண்டு சலாபத்துள் வரும். மற்றோர் ஆண்டு வாரா. இந்த நிச்சயமின்மை பெர்சிவலின் எழுத்தில் எரிச்சலாகவே வெளிப்படுகின்றது.

இன்னும் முக்கியமான சான்று சுறாக் கூச்சலைப் பற்றியது. குளிப்போருள் ஒருவன் சுறாவைக் கண்டதாகச் சொன்னால், அச்செய்தி தோணிக்குத் தோணி பரவும். அன்றைக்கு எவரும் கீழே இறங்கார். முழுத் தோணிக்கூட்டமும் கரைக்குத் திரும்பிவிடும். பல வேளைகளில், அச்சுறா காலில் இடறிய கூரிய கல்லாக இருந்தது என்கிறார் பெர்சிவல். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. இத்தகைய பொய்யச்சங்கள் சலாபத்தின் வெற்றிக்குப் பெருங்கேடு விளைப்பதால், அவை மெய்யா பொய்யா என்று விசாரிக்க எல்லா வழிகளும் கையாளப்பட்டன. பொய்யெனக் கண்டால் பரப்பியவர் தண்டிக்கப்பட்டனர். அண்மைய சில பருவங்களில் இவ்வாறு ஒருமுறைக்கு மேல் நிகழ்ந்துள்ளது.

பெர்சிவலுக்கு இது மூடத்தனத்தின் சான்று. நாம் இதனை வேறுவிதமாக வாசிக்கலாம். நாற்பது ஐம்பது தடவை மூழ்கும் மனிதனுக்கு, ‘இன்று உடல் இயலாது’ என்று சொல்லும் உரிமை இல்லை. ‘பங்கு போதாது’ என்று சொல்லவும் இடமில்லை. ஆனால் ‘இன்று கட்டு இல்லை’, ‘இன்று சுறா தெரிந்தது’, ‘இன்று எங்கள் நாள்’ என்று சொல்ல முடியும். அச்சொல்லுக்குச் சம்மாட்டியும் குத்தகைகாரரும் துரையும் ஒருங்கே பணியவேண்டியிருந்தது. கெட்ட நாள் என்பது, தொழிற்சங்கம் தோன்றாத காலத்து உழைப்பாளி உடலுக்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாள். கூச்சலிட்டவர்கள் எல்லோரும் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்பது எனது வாதமன்று. உண்மையான அச்சமும், களைப்பும், சொல்லவியலாத எதிர்ப்பும் ஒரே சொல்லிற் புகுந்துகொள்ள அந்நம்பிக்கை இடமளித்தது. தண்டனை ஏற்பாடு இருந்தமையே, இதனுள் அச்சத்துக்கு மேலும் ஏதோ உண்டென அதிகாரம் உணர்ந்திருந்ததைக் காட்டும்.

அவ்வாறாயின் கடற்கட்டிக்கு அரசாங்கம் கொடுத்த சம்பளம் மூடநம்பிக்கைக்குக் காட்டிய சலுகையன்று. குளிப்போனின் மறுப்பை அவனுடைய மொழியிலேயே நீக்குவதற்கான செலவு அது. போலோவின் காலத்தில் இரவுக்குப் பூட்டாக இருந்த மந்திரம், பிரித்தானியர் காலத்தில் பகலுக்குச் சாவியாயிற்று. ஒரே கட்டு இரு பக்கமும் இழுபட்டது. உடைமையாளருக்கு அது வேலையைத் தொடக்கும் அனுமதி. உழைப்பவருக்கு வேலையை நிறுத்தும் நியாயம்.

இதனால் கடற்கட்டியை மக்கள் தலைவனாக உயர்த்திவிடலாகாது. அண்மைக் காலத்தில் நாட்டார் வழக்காறு என்றாலே எதிர்ப்புக்குரல் என்று கொண்டாடும் ஒரு போக்கு நம்மிடையே பரவிவருகின்றது. கடற்கட்டியும் குளிப்போனின் உழைப்பிலிருந்தே பங்கு பெற்றான். முன்னைய ஆட்சிகளில் மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் கோயில்களுக்கும் ஒதுக்கப்பட்ட மானியக் கற்களைப் போலவே, அவன் பெற்ற சிப்பிகளும் உபரியின் ஒரு கூறுதான். கால் இழந்தவனுக்கு அவன் கொடுத்தது கொல்லத்துச் சூனியக்காரியின் கதை மாத்திரமே.

கரையோர முஸ்லிம்களிடையே நிலவிய மற்றொரு நாள்நம்பிக்கையையும் இங்குச் சேர்த்து நோக்குவது பயன்தரும். சபர் மாதத்தின் இறுதிப் புதன்கிழமை, தமிழ்பேசும் முஸ்லிம்களிடையே ஒடுக்கத்துப் புதன் எனப்பட்டது. அந்நாளில் இறங்கும் பீடைகள் நீங்குவதற்காக மாவிலையில் இறைவசனங்களை எழுதிக் கரைத்த நீரைப் பருகுதலும், குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று நீராடுதலும் பல ஊர்களில் வழக்காக இருந்தன. இசுலாமியச் சீர்திருத்தவாதிகள் இதனை ஆதாரமற்றதெனக் கண்டித்தனர். வழக்கமும் பெரிதும் தேய்ந்துவிட்டது. அயர்லாந்தில் பெந்தெகொஸ்து நாட்கள் நீருக்குரிய தீய நாட்களாகக் கருதப்பட்டன. அன்று நீராடுதலும் தோணியேறுதலும் விலக்கப்பட்டன. அங்கு தீய நாள் மனிதரை நீரிலிருந்து விலக்கியது. இங்கு தீய நாள் அவர்களை நீருக்கு அழைத்தது. குறியீடு எதிர்மாறானது. எனினும் இரண்டிலும் அந்நாளிற் கடல் தொழிற்களமாக இருக்கவில்லை என்பது பொது. ஆண்டுமுழுவதும் கணவரையும் மக்களையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நின்ற பெண்கள், ஒடுக்கத்துப் புதனன்று தாமே கடலில் இறங்கினர் என்பதும் நினைவிற்குரியது.

சலாபத்தின் கடைசிப் பெருமூச்சு மறிச்சுக்கட்டியிலே விடப்பட்டது. 1903 முதல் 1907 வரை தொடர்ந்து கூடிய சலாபங்களுக்காக இங்கு ஓலைக்கொட்டில்களாலான நகரமொன்று ஆண்டுதோறும் எழுந்து மறைந்தது. 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் ஏறக்குறைய இருபத்தைந்து இலட்சம் ரூபா. தமிழகக் கரையினரோடு பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரும் குளித்தனர். ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்பினுள் ஒவ்வொரு தோணியின் சிப்பிகளும் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளிப்போருக்கு. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் சிவில் அதிகாரியாகக் கடமையாற்றிய லெனாட் வூல்வ், அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் குளிப்போரின் வாழ்வையும் தமது சுயசரிதையில் விரிவாக எழுதினார். 1921இல் வெளிவந்த அவரது சிறுகதையொன்றும் இக்களத்திலிருந்தே பிறந்தது.

அதே 1906இல் அரசாங்கம் பார்கள் அனைத்தையும் ‘இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி’ என்ற இலண்டன் நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபா. கம்பனியின் பெயரில் முத்துக்குளிப்போர் இருந்தனர். பங்குதாரருள் அவர்கள் இருக்கவில்லை. விஞ்ஞான முறையிற் சிப்பி வளர்த்தால் ஆண்டுதோறும் சலாபம் நிச்சயம் என்ற எதிர்பார்ப்பே முதலீட்டின் அடிப்படை. 1907ஆம் ஆண்டோடு பார்கள் வறண்டன. சில ஆண்டுகளிற் கம்பனியும் கலைந்தது. 1905ஐ ஒத்த விளைவு அதன்பின் அக்கரையில் ஏற்படவேயில்லை. நல்ல ஆண்டுகள் தொடர்ந்து வரும் என்று பணமிட்டவர்களின் நம்பிக்கையை எந்த நூலாசிரியரும் அவர்களுடைய அறிவுத்தரத்துக்குச் சான்றாகக் காட்டவில்லை.

மறிச்சுக்கட்டி இன்று முத்தின் பெயரால் அறியப்படும் ஊரன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பிரதேச மக்களும் ஊரிழந்தனர். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களிலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தனர். போர் முடிந்த 2009க்குப் பின் மீண்டவர்கள், தம் பழைய காணிகள் காடாக வளர்ந்து, வன எல்லைக்குள் அடக்கப்பட்டதைக் கண்டனர். வில்பத்து எல்லை பற்றிய சர்ச்சையில் இவ்வூரின் பெயர் மீண்டும் செய்திகளில் அடிபட்டது. காற்றின் பெயர்களையும் கடலின் விலக்கு நாட்களையும் தந்தையரிடம் கேட்டறிந்த தலைமுறையின் பெரும்பகுதி இவ்விடைக்காலத்திலேயே மறைந்துவிட்டது.

அயர்லாந்தில் 1935இல் அரசு நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவொன்றை அமைத்தது. 1937 முதல் 1939 வரை ஏறக்குறைய ஐயாயிரம் ஆரம்பப் பாடசாலைகளின் மாணவர், தம் வீட்டு முதியோரிடம் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதிய நாட்களும் விலக்குகளும் இன்று டப்ளினிலே பாதுகாக்கப்படுகின்றன. பெயர் தெரிந்த பிள்ளை, பெயர் தெரிந்த பாட்டியிடம் கேட்டது என்ற பதிவோடு அவை உள்ளன. முசலியிலும் புத்தளத்திலும் உள்ள பாடசாலைகளிலே இப்பணியைத் தொடங்குவதற்கு ஆணைக்குழு எதுவும் வேண்டியதில்லை. தமிழ்ப் பாட ஆசிரியர் ஒருவரும் சில குறிப்பேடுகளும் போதும். மன்னார்ச் சலாபம் பற்றி இதுகாறும் நாம் மேற்கோள்காட்டும் சான்றுகளெல்லாம் காலாட்படை அதிகாரியும் பாதிரியாரும் குடியேற்றச் செயலாளரும் எழுதியவை. அவற்றில் கடற்கட்டியின் வேடிக்கையான மறுமொழி விரிவாக உள்ளது. கூரிய கல்லில் இடறிச் சுறா என்று கூவித் தண்டிக்கப்பட்டவனின் பெயரும் ஊரும் பெர்சிவலின் நூலில் இல்லை.